சங்கிலி இல்லாத தண்ணீர்

திருச்சி காட்டூர் ஜெய்சங்கர் வெள்ளக் காவிரியை நீந்திக் கடந்த கதையைக் கேட்காதவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. புதிதாகக் குடிவருகிறவர்கள் பால் காய்ச்சிய மறுநாளே அதையும் கேட்டாக வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, ஆறு கரைபுரண்டு ஓடிய ஒரு நாளில், தென்கரையில் ஓயாமாரிப் பக்கம் குதித்து ஸ்ரீரங்கத்தில் ஏறினாராம். முதன்முதலில் சொன்னபோது அவர் மட்டும்தான் கரையேறினார். வேலையில் சேர்ந்த பிறகு அவர் தோளில் ஒரு கன்றுக்குட்டியும் இருந்தது. அவர் ஓய்வு பெறுவதற்குள் அது பசுமாடாக வளர்ந்துவிட்டது. மேட்டூரில் திறக்காத தண்ணீரையெல்லாம் ஜெய்சங்கர் தன் வாயாலேயே திறந்துவிட்டார்.

உண்மை அவர் மனைவி சித்ராதேவிக்கு மட்டும் தெரியும். ஆடிப்பெருக்குக்கும் தை அமாவாசைக்கும் அம்மா மண்டபம் படித்துறையில் கணவர் குளிக்கிற அழகைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்தானே. மூன்றாவது படிக்குக் கீழே ஜெய்சங்கர் இறங்க மாட்டார். இடது கை படித்துறையின் இரும்புச் சங்கிலியைப் பிடித்திருக்கும். வலது கை மூக்கைப் பிடித்திருக்கும். கண்ணை இறுக மூடி மூன்று முழுக்கு. ஒவ்வொன்றும் கோழி தண்ணீர் குடிக்கிற நேரம்தான். பிறகு கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு, உடனே துண்டு.

"ஏங்க, ஒரு தடவை நீந்திக் காட்டுங்களேன்" என்று கல்யாணமான புதிதில் சித்ராதேவி கேட்டார்.

"இப்ப தண்ணி பத்தாது சித்ரா."

ஆடியில் தண்ணீர் வந்ததும் மறுபடியும் கேட்டார்.

"இவ்வளவு தண்ணியில போலீஸ் விடமாட்டான் சித்ரா."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. யாராவது விருந்தாளி வந்து, காவிரிக் கதை பசுமாடு வரை போகும்போது, "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு உள்ளே காபி போடப் போய்விடுவார். முப்பது வருடமாக அப்படி ஆட்டிய தலை அது.

ஜெய்சங்கர் துவாக்குடியில் ஒரு பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவர். ஹெல்மெட் இல்லாத வெல்டர்களை அவர் விரட்டிய விரட்டு பிரசித்தம். அதே பாதுகாப்பின் பெயரால் வீட்டிலும் பல காரியங்கள் நின்றுபோயின. கொடைக்கானல் ஏரியில் படகு கிடையாது. ராமேஸ்வரத்தில் கடலில் இறங்கக் கூடாது. நீந்தத் தெரியாமல் பயப்படுகிறவன் கோழை. நீந்தத் தெரிந்தும் தடுக்கிறவன் பொறுப்பானவன். அந்தப் பொய் அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது பாருங்கள்.

சித்ராதேவி புவியியல் டீச்சர். முப்பது வருடம் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் பவளப்பாறை வரைந்தவர். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று, மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்த அன்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"கொச்சியிலருந்து லட்சத்தீவுக்குக் கப்பல் போகுதுங்க. அங்க முகத்துல கண்ணாடியும் வாயில குழாயும் வச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள பவளப்பாறையைப் பாக்கலாமாம். ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன்."

ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று ஜெய்சங்கர் கேட்டார். ஆனாலும் மறுநாள் டீக்கடையில், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தன் கூட்டாளி திருவேங்கடத்திடம், "கடலை ஒரு கை பாத்துட்டு வரேன்டா" என்றார்.

"பாத்துடா, திமிங்கலத்தைக் கன்னுக்குட்டின்னு தூக்கிட்டு வந்துடாத" என்றார் திருவேங்கடம்.

கப்பலில் ஜெய்சங்கர் உற்சாகமாகவே இருந்தார். அதற்குத் தரை இருந்தது. கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகாமல் நட்டநடுவிலேயே நடந்தார். சாப்பாட்டு மேசையில் நாக்பூர்க்காரர் ஒருவருக்குக் காவிரிக் கதையை அரைகுறை இந்தியில் சொன்னார். இந்தியில் பசுவுக்கு இரண்டு கொம்பும் தங்கம்.

தீவுக்குப் போகுமுன் ஒரு படிவம் வந்தது. "நீச்சல் தெரியுமா?" என்ற கேள்விக்கு அவர் "மிக நன்றாக" என்ற கட்டத்தில் குறியிட்டார். டீச்சர் அந்தக் குறியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தன் படிவத்தில் "தெரியாது" என்று குறியிட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணின் பெயர் ஷரீபா. படிவத்தில் திருச்சி என்று பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நமக்கும் திருச்சிதான், பாலக்கரை சார்! நல்லா நீந்துவீங்களா? அப்ப அம்மாவுக்கு நீங்கதான் ஜோடி. உங்க ரெண்டு பேரையும் பாறை முடியற ஆழமான பக்கம் கூட்டிட்டுப் போறேன். அங்கதான் அழகே."

முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒத்திகை. மிதவைச் சட்டை, முகக்கண்ணாடி, வாயில் குழாய். "அப்படியே குப்புறப் படுங்க சார்" என்றாள் ஷரீபா. ஜெய்சங்கரின் இடது கை காற்றில் சங்கிலியைத் தேடியது. வலது கை கண்ணாடியோடு சேர்த்து மூக்கைப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுகி எழுந்தார். குழாய்க்குள் போன உப்புத்தண்ணீர் தொண்டையில் இறங்க, இருமிக்கொண்டே கிழக்கே திரும்பிக் கும்பிட்டார்.

ஷரீபா இடுப்பில் கை வைத்தாள். "சார், இது அம்மா மண்டபம் இல்ல. மூணு முழுக்குப் போட்டுட்டுக் கரையேற முடியாது. உண்மையைச் சொல்லுங்க, நீச்சல் தெரியுமா?"

ஜெய்சங்கர் முகக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இவரு நீந்தினதே இல்லம்மா" என்றார் டீச்சர்.

"தெரியலேன்னாலும் பரவால்ல. மிதவை வளையம் இருக்கு, கயிறு என் கையில இருக்கும். ஆனா ஜோடியாதான் விடுவோம். ஒருத்தர் பயந்து எழுந்துட்டா ரெண்டு பேரும் படகுக்குத் திரும்பணும். சாயங்காலம் கப்பல் கிளம்பிடும், மறுபடி வாய்ப்பில்ல. வரீங்களா, வேணாமா?"

ஜெய்சங்கர் மனதுக்குள் காரணங்களை அடுக்கினார். ரத்த அழுத்தம், வெயில், கயிற்றின் தரம். டீச்சர் அவர் வாய் திறக்கும் முன்பே பேசினார்.

"முப்பது வருஷமா நீங்க காவிரியில நீந்தினதுக்கு நான் தலையாட்டியிருக்கேன். இன்னைக்கு எனக்காகப் பத்து நிமிஷம் மிதங்க. அது போதும்."

படகு பாறையின் விளிம்புக்குப் போனது. ஜெய்சங்கர் ஏணியில் இறங்கினார். எட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் படி இல்லை, சங்கிலி இல்லை. கைக்குக் கிடைத்தது மனைவியின் மணிக்கட்டு. பிடித்தார். இன்னொரு கை மூக்கைத் தேடிப் போனது.

"மூக்கைக் கண்ணாடியே மூடியிருக்கு சார். உங்க கைக்கு அங்க வேலையில்ல. வளையத்தைப் பிடிங்க. கண்ணைத் தொறங்க."

திறந்தார். கீழே மணப்பாறை முறுக்கைக் குவித்து வைத்ததுபோல் பவளப்பாறை. மஞ்சள் மீன்கள் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி போயின. இதற்கு அவர் பயப்படவில்லை. அடுத்த நிமிடம் தரை முடிந்துபோனது. பாறை சரிந்து இறங்கி, அதற்கு அப்பால் நீலம். அடியே தெரியாத நீலம். அலற வேண்டும்போல் இருந்தது. முடியவில்லை. முப்பது வருடம் வாயாலேயே நீந்தியவரின் வாயை ஒரு ரப்பர் குழாய் அடைத்திருந்தது.

எழுந்துவிடத் தலையைத் தூக்கப் போனார். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. புஸ்... ஹா. புஸ்... ஹா. அவருடைய மூச்சுதான். பட்டறையில் காற்று அமுக்கும் இயந்திரம் போடுகிற அதே சத்தம். பாதுகாப்பு மேற்பார்வையாளர் தன்னையறியாமல் காது கொடுத்தார். கசிவு உண்டா? இல்லை. அடைப்பு? இல்லை. வேகம்தான் அதிகம். கொஞ்சம் குறைத்தார். சீராக ஓடியது. சீராக ஓடுகிற இயந்திரத்தைக் காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்!

பயம் எங்கேயும் போகவில்லை. அதுவும் கூடவே மிதந்தது. தட்டு அளவில் ஓர் ஆமை நீலத்திலிருந்து ஏறி வந்து, இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. டீச்சர் அழுதாரா, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததா தெரியாது. இருபது நிமிடம் ஆனது. இருபது நிமிடம் ஜெய்சங்கர் பேசாமல் இருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

காட்டூருக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடம் வீட்டுக்கு வந்தார். ஜெய்சங்கர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். ஒரு மீனைக்கூடக் கூட்டவில்லை. திருவேங்கடம் கொட்டாவி விட்டார்.

"வெள்ளக் காவிரியில மாட்டைத் தூக்கிட்டு நீந்தினவன்டா நீ. மிதவைச் சட்டையைப் போட்டு மிதந்ததெல்லாம் ஒரு விஷயமா?"

ஜெய்சங்கருக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வீரச்செயல் செய்திருக்கிறார். அதை அவருடைய பசுமாடே தின்றுவிட்டது. முறுக்குத் தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு, நேர்மையால் அல்ல, பெருமை பொறுக்க முடியாமல் சொன்னார்.

"டேய், நான் காவிரியில நீந்தினதே இல்லடா."

"மாடு?"

"மாடும் இல்ல."

திருவேங்கடம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப இந்தக் கடலும் அதே கணக்குதானே!"

ஜெய்சங்கர் மனைவியைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பொய்க்கு ஆடிய தலை இப்போது அசையவில்லை. டீச்சர் நிதானமாக முறுக்கைக் கடித்தார், மென்றார், காபியைக் குடித்தார். பிறகு வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளி மணிக்கட்டைக் காட்டினார். வரிசையாக நான்கு நகத்தடங்கள், இன்னும் ஆறாமல்.

"காவிரிக்கு நான் சாட்சி இல்லண்ணே. கடலுக்கு இதான் சாட்சி."

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் ஜெய்சங்கர் ஆமைக் கதையைத்தான் சொல்கிறார். டீச்சர் உள்ளே காபி போடப் போவதில்லை. கதை முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் ஆமை இன்றுவரை தட்டு அளவிலேயே இருக்கிறது.