தூக்கிப் பிடித்தவர்

அவள் பிறந்த வீட்டில் மூன்றாவது பெண். பள்ளிப் படிப்பு முடித்து, கணினியில் படம் திருத்தும் பயிற்சி ஆறு மாதம் பெற்றவள். கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோவில் வேலை. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஒரே மகள். குடியிருப்பு, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், இரண்டு அறை. அவற்றுள் பெரியதன் ஒரு சுவர் முழுவதும் சாம்பல் நிறம் பூசப்பட்டிருந்தது. தரையில் கேமரா முக்காலியின் மூன்று கால்களுக்கும் கறுப்பு நாடா ஒட்டி அடையாளம் இட்டிருந்தார்கள். அந்த நாடாவை மிதிக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் எழுதப்படாத சட்டம்.

குடும்பத்தில் அவளுக்குப் பெயர் கத்திரி. தலைமுடியை ஒவ்வோர் இழையாகப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதில் அவளுக்கு நிகர் அந்தத் தெருவில் இல்லை என்று ஸ்டுடியோ முதலாளியே சொல்லியிருக்கிறார். சம்பளம் உயர்த்தும் பேச்சு வந்தபோது மட்டும் அதை அவர் மறந்துவிடுவார்.

ஸ்டுடியோவில் அவள் செய்த வேலை இருவகை. பிறந்தநாள் குழந்தைகளை நிலவின்மேல் உட்காரவைப்பது ஒன்று. இறந்தவர்களுக்குக் கோட்டுப் போடுவது மற்றொன்று. யாராவது ஓர் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதிலுள்ள முகத்தைப் பெரிதாக்கி, சுருக்கங்களைத் தணித்து, நீலக் கோட்டு அணிந்த ஓர் உடம்பின்மேல் பொருத்தவேண்டும். அந்த உடம்பு முதலாளியின் மருமகனுடையது. மனிதர் நல்ல திடகாத்திரமாக இன்னமும் உயிரோடிருந்தார். கடைத்தெருவில் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் அவருடைய தோள்கள் வேறு வேறு தலைகளோடு மாட்டப்பட்டிருந்தன.

வீட்டில் அவள் செய்தது வேறு. மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது அது தொடங்கியது. குழந்தை மேகத்தில் நடப்பது, திறந்த குடைக்குள் தூங்குவது, மீன்களுக்கு நடுவே நாற்காலியோடு மிதப்பது. முறை எளிது. முதலில் ஆளில்லாத வெறும் அறையை ஒரு படம் எடுப்பாள். பிறகு முக்காலியை அசைக்காமல், கணவர் குழந்தையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொரு படம். இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தூக்கியவரை மட்டும் அழித்துவிட்டால் குழந்தை தானே காற்றில் நிற்கும்.

அவர் வேலையிலிருந்து வந்ததும் கையிலுள்ள கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தயாராக நிற்பார். மகளுக்கு அவர் வைத்த பெயர் தக்கை.

"பகல் பூரா லிஃப்டோட மல்லுக்கட்டு. வீட்டுக்கு வந்தா இந்தத் தக்கையோட. ஏம்மா கத்திரி, உன் பொண்ணு படத்துலதான் மிதக்குறா, என் கையில இல்ல."

"பேசாதீங்க. பேசினா அவளும் ஆடுறா."

"மூச்சாவது விடலாமா?"

"மெதுவா விடுங்க."

தொடக்க காலத்துப் படங்கள் நன்றாக இல்லை. அவளே அப்படித்தான் சொல்வாள். குழந்தை மிதந்தது, ஆனால் ஒட்டிய பொம்மைபோல மிதந்தது. கணவர் ஒருநாள் திரைக்கு முன் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இவளுக்கு எடையே இல்லையே" என்றார். மிதக்கிறவளுக்கு எதற்கு எடை என்று அவள் முதலில் எரிச்சல்பட்டாள். யோசித்தபோது விளங்கிற்று. உடம்பு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பாவாடை கீழ்நோக்கித்தான் தொங்கவேண்டும். இடுப்பைப் பிடித்தால் துணி கசங்கி, அங்கே யாரோ இருந்ததைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பிறகு அவர் முழங்கையை மடக்கி முதுகுக்குப் பின்னாலிருந்து தாங்கக் கற்றுக்கொண்டார். நிழல் பற்றி அவள் கற்றாள். தரையை விட்டு எழும்பிய பொருளின் நிழல் காலடியில் ஒட்டியிராது, தள்ளி விழும், ஓரம் மங்கியிருக்கும். இந்த இரண்டும் கைவந்தபின் படங்களைப் பார்த்தவர்கள் ஒரு கணம் நம்பினார்கள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

முதல் ஆறு ஆண்டுகளும் அவள் கணவரை அழிப்பானால் அழித்தாள். அழித்தது அழிந்ததுதான். தலை, தோள், கால் என்று தேய்த்துக்கொண்டே வந்து, படத்தைச் சேமித்து, மூலப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடுவாள். கணினியில் இடம் போதாது. மகளுக்கு எட்டு வயதானபோது மாஸ்க் போடும் முறைக்கு மாறினாள். அதில் எதுவும் அழிவதில்லை. படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரை. கறுப்பைத் தீட்டிய இடம் மறையும், வெள்ளையைத் தீட்டினால் மறைந்தது திரும்பவரும். விளிம்பில் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பதற்காகவே அவள் மாறினாள். வேறு காரணம் இல்லை.

ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைச் சரிபார்க்க அவர் முதலில் போய் நிற்கவேண்டும். மகளின் முகம் வரப்போகும் உயரத்துக்குக் குனிந்து, சாம்பல் நிற அட்டையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அவ்வாறு நின்ற ஒருநாள் அட்டைக்குப் பின்னாலிருந்து, "ஒரு தடவை என்னையும் சேர்த்துச் சும்மா ஒரு படம் எடேன்" என்றார்.

"வெளிச்சம் போகுது. நாளைக்கு எடுக்கிறேன்."

இதை அவர் மனத்தில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவளும் வைத்துக்கொள்ளவில்லை.

மகளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, ஓர் அலுவலகக் கட்டடத்தின் எட்டாம் மாடி இயந்திர அறையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விளக்குகள் இருபுறமும் இருந்ததால் கட்டிலுக்கு நிழலே விழவில்லை என்பதை அவள் கவனித்தாள். அன்று அவள் கவனித்தது அது ஒன்றுதான். அழவில்லை. வந்தவர்கள், கல்லாக உட்கார்ந்திருக்கிறாளே என்றார்கள். அவளுக்கு அது குறையாகவும் படவில்லை, பாராட்டாகவும் படவில்லை. பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். யாரோ ஒரு முதியவருக்குக் கோட்டுப் போட்டாள்.

அவருடைய படமே இல்லை என்று எழுதினால் அது பொய். அடையாள அட்டையில் இருந்தார். கல்யாணக் கூட்டப் படத்தில் கண்ணை மூடியிருந்தார். உறவினர் வீட்டு விசேஷங்களில் ஓரத்தில் பாதி முகமாக இருந்தார். அவருடைய கைபேசியில் மோட்டார்களும் ஒயர்களும் மட்டும் இருந்தன. மகளோடு சேர்ந்து ஒன்றுகூட இல்லை.

ஒரு மாதம் கழித்து மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா முகத்தை நினைச்சா அந்த கார்டுல இருக்கிற மூஞ்சிதான் வருது. அப்பா அப்படியா இருந்தாரு?"

"இல்ல."

"அப்ப எப்படி இருந்தாரு?"

அவள் அடுப்பைத் தணித்தாள். சொல்ல முயன்றாள். மூக்கு, நெற்றி, மீசை என்று தனித்தனியாகச் சொல்ல வந்தது. சேர்த்துச் சொல்ல வரவில்லை.

அந்த வாரமே நாத்தனார் வந்தாள். கணவருக்கு மூத்தவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

"வெறும் சுவரா இருக்கேம்மா. ஊருக்கெல்லாம் கோட்டு மாட்டி விடுறே, என் தம்பிக்கு ஒண்ணு கிடையாதா?"

"போடுறேன் அண்ணி."

மதிய இடைவேளையில் போட்டாள். பழகிய வேலை, சாப்பாடு ஆறுவதற்குள் முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியதும் மகள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது முதலாளி வீட்டு மருமகன்."

"முகம் அப்பாவோடதுதானே?"

"அப்பாவுக்குக் கழுத்து இப்படி நேரா நிக்காதும்மா. எப்பவும் மேல பார்த்துப் பார்த்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்."

உண்மைதான். அவள் மறுக்கவில்லை. கேமராவின் நினைவு அட்டையைத் துழாவியபோது, கடைசியாக எடுத்த வெளிச்சச் சோதனைப் படம் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. கட்டம் போட்ட சட்டை, லேசாகச் சாய்ந்த கழுத்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் அட்டை. உடம்பு அவருடையதே. அட்டையை நீக்கி, அந்த இடத்தில் அடையாள அட்டை முகத்தைப் பொருத்தினாள். தாடை ஓரத்தை மிருதுவாக்கி, தோலின் நிறத்தை இழுத்து இழுத்துச் சமன்செய்தாள். அவள் வாழ்நாளில் செய்த ஒட்டு வேலைகளில் அதுவே மிகச் சுத்தமானது.

மகள் இம்முறை நெடுநேரம் பார்த்தாள். சாம்பல் சுவருக்கு முன் வளர்ந்த பெண், கண் தப்பாது.

"மூக்கு நிழல் இடது பக்கம் விழுது. காது நிழல் வலது பக்கம்."

"மாத்திடலாம்."

"மாத்தினா அப்பா ஆயிடுமா?"

அவள் உட்கார்ந்து நிழலை மாற்றினாள். மாற்றி முடித்து, மகளைக் கூப்பிடாமல், கணினியை அணைத்தாள். வருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பாத்திரங்கள் கிடந்தன, தேய்த்தாள்.

மழை தொடங்கிய வாரத்தில் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"அந்தப் படிக்கட்டுப் படம் இருக்கே, உன் பொண்ணு பறக்கிறது, அதைப் பெருசாப் போட்டு வாசல்ல மாட்டலாம்னு பார்க்கிறேன். ஆளுயரத்துக்கு. வர்றவன் பார்த்ததும் நிக்கணும்."

"அவ்வளவு பெருசாக்கினா முடி ஓரம் உடையும் சார். சரிபண்ணிக் குடுக்கிறேன்."

மகளின் பதினோராம் வயதில் எடுத்த படம் அது. அவர்கள் கட்டடத்துப் படிக்கட்டின் நடுவெளியில் அவள் கிடைமட்டமாக மிதக்கிறாள், கையில் விரித்த புத்தகம், கண் ஒரு வெள்ளைப் பறவைமேல். அந்தப் படத்தின் பழைய ஃபைலை, எல்லா அடுக்குகளோடும் சேமித்து வைத்திருந்ததை, வீட்டுக் கணினியில் திறந்தாள். காதோர முடி ஒன்று மங்கியிருந்தது. மூலத்தில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க, தினமும் பத்து முறை செய்கிறபடி, மாஸ்க்கை அணைத்தாள்.

கணவர் இருந்தார்.

மாஸ்க்குக்குக் கீழே எதுவும் அழிவதில்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவரை எங்கெங்கோ தேடியவள் அங்கே தேடவேண்டும் என்று நினைக்கவில்லை, அவ்வளவே. நிறைவான படங்களை நிறைவானவையாகவே பார்த்துப் பழகிவிட்டாள்.

அவர் கீழ்ப்படியில் ஒரு காலும் மேல்படியில் ஒரு காலுமாக, மகளை முழங்கைகளில் தாங்கி நின்றார். கழுத்து சாய்ந்திருந்தது. அக்குளில் வியர்வை. முகம் பாரத்தில் சிவந்து, நாக்கு நுனியைப் பல் கடித்திருந்தது. ஆனால் கண் சிரித்தது. கேமராவைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நொடிக்குச் சற்றுமுன் அவர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. "சீக்கிரம் எடு கத்திரி, தக்கை தண்ணி குடிச்சிருச்சு."

கை சுட்டியின்மேலேயே இருந்தது. மாஸ்க்கைப் போட்டாள். அவர் மறைந்தார். எடுத்தாள். வந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

மகள் நாற்காலியின் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா" என்றாள். கேள்வியாக அல்ல.

"ம்."

"நாக்கைக் கடிச்சிட்டிருக்காரு."

"நீ அன்னைக்கு இட்லி மாவு மூட்டை மாதிரி கனத்தே."

"நான் எங்கம்மா பார்க்கிறேன்?"

"பறவையை."

"பறவை நீ அப்புறம் போட்டதுதானே. அப்ப அங்க என்ன இருந்துச்சு?"

"சுவிட்ச் போர்டு."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறிற்று. தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டையில் ஈரம் பரவுவது தெரிந்தது. தனக்கும் இப்படி வருமா என்று ஒரு கணம் எண்ணிப்பார்த்தாள். தெரியவில்லை.

"இதைத்தான் மாட்டணும்" என்றாள் மகள், முகத்தை எடுக்காமலே. "பறவை வேண்டாம். ஒண்ணும் வேண்டாம்."

அச்சுக்குக் கொடுக்கும்போது பழக்கத்தில் கை போய் வியர்வைக் கறையின்மேல் நின்றது. விலக்கிக்கொண்டாள். ஒரு படத்தைத் திருத்தாமல் அவள் அச்சுக்குக் கொடுத்தது அதுவே முதல்முறை.

நாத்தனார் மறுபடி வந்தபோது படம் சுவரில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னம்மா இது, மூச்சு முட்டிக்கிட்டு நிக்கிறான். செத்தவனை இப்படியா மாட்டுவாங்க? ஒரு நல்ல சட்டையாவது மாத்தி விடக் கூடாதா, உனக்கென்ன தெரியாததா?"

"வேணாம் அத்தை" என்றாள் மகள்.

நாத்தனார் இன்னும் கிட்டே போனாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சின்ன வயசுலயும் இப்படித்தான். தண்ணிக்குடம் தூக்கச் சொன்னா நாக்கைக் கடிச்சுக்குவான். விடுடா, துண்டாகிடப் போகுதும்பேன்." அதற்குமேல் அவள் கோட்டைப் பற்றிப் பேசவில்லை. நாற்காலியைப் படத்தின் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

கத்திரி காப்பி கலக்க உள்ளே போகுமுன் படத்தின் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டாள். விரலால் நிமிர்த்தினாள். சற்றுத் தள்ளி நின்று சரிபார்த்தாள். அவள் நின்ற இடத்தில், காலடியில், முக்காலிக்கான கறுப்பு நாடா ஓரம் பிய்ந்து கிடந்தது. அதை மிதித்திருந்தாள்.

படிக்கட்டுப் படம் பறவையோடு, ஆளுயரத்தில், ஸ்டுடியோ வாசலிலும் மாட்டப்பட்டது. வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். வீட்டுப் படத்தின் பின்புறம் எந்த வாசகமும் இல்லை. இந்தக் குடும்பக் குறிப்புக்காகக் கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவே: தூக்கிப் பிடித்தது பதினோரு ஆண்டு. அழித்தது ஆறு. மறைத்தது ஐந்து.