வில்லனுக்கு யாருடைய மூக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் என் வீட்டு போன் ஐந்து முறை அடித்தது. ஐந்தும் வேறு வேறு ஆட்கள். ஐந்து பேருக்கும் ஒரே கோபம் — 'என்னை ஏன் பேப்பரில் கார்ட்டூனாகப் போட்டீர்கள்?'

நாங்கள் போட்டதோ ஒரே ஒரு ஆளை!

நம் பத்திரிகைக்குப் படம் வரைகிற சிவநேசனை உங்களில் பலருக்குத் தெரியும். பகலில் பெட்ரோல் ஸ்டேஷன் கவுண்டர். ரசீதுகளின் பின்பக்கத்தில் வாடிக்கையாளர்களை வரைந்து தள்ளுகிற ஆள். லண்டனில், நோர்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தார். ஓர் அறை, நான்கு கட்டில், நான்கு ஆண்கள். ஹீட்டர் எரிய வேண்டுமா? சுவரிலுள்ள மீட்டருக்குள் காசு போட வேண்டும். வீட்டுக்காரர் நம்மவர்தான். ஊரிலிருந்து வந்திறங்குகிறவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதாகக் கோயிலில் சொல்லிக்கொள்வார். அடைக்கலம்... வாடகை முற்பணத்தோடு.

இந்த மாதிரி அடைக்கலம் கொடுக்கிறவர்கள் லண்டனில் பெருகிவிட்டார்கள். ஒரு கார்ட்டூன் போட்டால் என்ன என்று சிவநேசனிடம் கேட்டேன். மறுநாளே கொண்டுவந்தார்.

கட்டிலுக்கு மேல் கட்டிலாக ஓர் அடுக்கு. உச்சிக் கட்டிலில் ஒருவன் கூரையில் நெற்றி இடிக்கத் தூங்குகிறான். கீழே வீட்டுக்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டு சொல்கிறார் — 'கட்டிலுக்கு வாடகை. கனவு கண்டால் எக்ஸ்ட்ரா.'

எங்கள் பத்திரிகைக் கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வீட்டுக்காரருக்கு நீளக் கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கொக்கி மாதிரி வளைந்த மூக்கு. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தவர் மிஸ்டர் மொரிஸ்தான்.

மிஸ்டர் மொரிஸ் நம் பத்திரிகையை அச்சடிப்பவர். யூதர். இல்ஃபோர்ட் கடைத்தெருவுக்குப் பின்னால் சின்ன அச்சகம். யூதப் பையன்களின் பதின்மூன்று வயதுக் கொண்டாட்ட அழைப்பிதழும், நம் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்த சாமத்திய வீட்டு அழைப்பிதழும் அவருடைய ஒரே மெஷினில்தான் பிறக்கின்றன.

நானும் சிவநேசனும் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யார் இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வீட்டை வாடகைக்கு விடுகிற ஒருவர்" என்றேன்.

"யூதரா?"

"சேச்சே... எங்கள் யாழ்ப்பாணத்தவர்."

"அப்படியா? இது அச்சு அசல் எங்கள் மாக்ஸ் மாமா. அவர் யாழ்ப்பாணத்தவர் என்று இவ்வளவு நாளும் எனக்கு யாரும் சொல்லவில்லையே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. சிவநேசன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"கெட்டவன் எண்டா இப்பிடித்தானே அண்ணை மூக்கு? சின்னனிலையிருந்து நான் பாத்த படக்கதை எல்லாத்திலையும் வில்லனுக்கு உந்த மூக்குத்தான்."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. சிவநேசன் தன் மூக்குக்கு முன்னால் விரலை வளைத்துக் காட்டியபடிதான் அதைச் சொன்னார்.

மிஸ்டர் மொரிஸ் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானும் இளவயதில் பையன்கள் படிக்கிற வாரப் படக்கதைகளுக்கு வரைந்தவராம். விமானி, துப்பறிவாளர், கால்பந்து வீரன் — எல்லா ஹீரோக்களும் அவருடைய கைவண்ணம். எல்லாருக்கும் மஞ்சள் முடி, நேரான மூக்கு.

"வில்லனுக்கு?" என்று கேட்டேன்.

"ஹீரோவுக்கு எடிட்டர் வீட்டு மூக்கு. வில்லனுக்கு எங்கள் வீட்டு மூக்கு. எடிட்டருக்கு அப்படித்தான் வேண்டும். எனக்குச் சம்பளம் வேண்டும். என் பெயரைக்கூடப் படத்தின் கீழே போடவில்லை. எடிட்டரின் காதுக்கு நல்லதாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டேன்."

பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்.

"என் அம்மா வாரா வாரம் வாங்கிப் பார்ப்பாள். ஹீரோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். 'அந்த வில்லன் ஏன் இப்படி மெலிந்திருக்கிறான்? அவனுக்குச் சாப்பாடு கொடுக்க யாருமில்லையா?' என்பாள். அவளுக்கு அவனைப் பார்த்தால் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி இருந்ததாம்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது ஒரு பழைய கார்ட்டூன் என் நினைவுக்கு வந்தது.

அகதிகளைச் சூட்கேஸ் தூக்கிய எலிகளாக வரைந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் கண்டித்து இதே பக்கத்தில் முழக்கமிட்டவர்கள் நாங்கள்தானே? அந்த முழக்கத்தை எழுத்துக் கோத்து அச்சடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

"நீங்கள் வாடிக்கையாளர். இப்படியே அடி என்றால் அடிக்கிறேன்" என்றார் மிஸ்டர் மொரிஸ். "ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் ஆட்களுக்கு மூக்கே கிடையாதா?"

சிவநேசனுக்குச் சுருக்கென்றது. "இவர் ஆர் எனக்குப் படிப்பிக்க?" என்று முணுமுணுத்தார். ஆனால் பேனையை எடுத்துவிட்டார். அங்கேயே, கவுண்டரில் குனிந்து, வேறு தாளில் ஆளை மாற்றி வரைந்தார். கோட்டைத் தூக்கினார், தொப்பியைத் தூக்கினார். வேட்டி வந்தது. அதற்கு மேல், தொந்தியில் இறுகிய ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்கு வெளியே தங்கச் சங்கிலி. காலில் சொக்ஸ். நெற்றியில் மூன்று குறி விபூதி. நடுவில் ஒரு நல்ல, அகலமான, சுத்தத் தமிழ் மூக்கு.

அப்படியே அச்சேறியது. சனிக்கிழமை கடைகளுக்குப் போனது. ஞாயிறு காலை போன்.

"எங்கட ஆக்களை நாங்களே கேவலப்படுத்துறதோ? வெள்ளைக்காரன் பாத்தா என்ன நினைப்பான்?" என்றார் ஒருவர்.

"அண்ணை, அது தமிழிலை எல்லோ எழுதியிருக்கு" என்றேன்.

"எழுத்து தமிழ், சரி... மூக்கு?"

நான் போனை வைக்க, அடுத்தது அடித்தது.

பின்னேரம் ஆறாவது ஆள் நேரிலேயே வந்தார். மோர்டனில் என் வீட்டு வாசலில், மனைவியோடு. சாட்சாத் சிவநேசனின் வீட்டுக்காரர். பெயர் வேண்டாம், நோர்பரி அண்ணை என்று வைத்துக்கொள்வோம்.

"விபூதியோட போட்டிருக்கிறியள். சமயத்தை அவமதிச்சுப் போட்டியள்" என்று, உள்ளே வந்து உட்காருவதற்குள் தொடங்கினார்.

"உங்கட பேர் போடேல்லையே அண்ணை."

"பேர் எதுக்கு? வயிறு போட்டிருக்கு!"

அவருடைய மனைவி அதுவரை படத்தைப் பார்த்திருக்கவில்லை போலும். மேசையில் கிடந்த பத்திரிகையை எடுத்தார். பார்த்தார். தோள்கள் குலுங்கின. "இஞ்சரப்பா... சொக்ஸைக்கூட விடேல்லை!" என்று சொல்லி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு எத்தனை வருஷம் காத்திருந்ததோ!

நோர்பரி அண்ணைக்கு முகம் கறுத்தது. அப்போதுதான் அந்தப் பொன்மொழியைச் சொன்னார்.

"கெட்டவனைக் கீற வேணுமெண்டா வெளி ஆள் ஒருத்தன்ர மூக்கைப் போடுறதுதானே? எத்தினை யூதர் இருக்கினம்! ஒருத்தரும் ஒண்டும் கேட்டிருக்க மாட்டினம்."

உண்மை. கமிட்டி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "சிவநேசனை அறையை விடச் சொல்லிப்போட்டன். வாற சனி கடைசி."

ஒரு கார்ட்டூனுக்கு ஒரு மனிதனின் கட்டில் போனது. கேலி செய்வது எளிது என்று யார் சொன்னது?

திங்கட்கிழமை மிஸ்டர் மொரிஸிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "ஆறு பேர்தானா?" என்றார். "எங்கள் ஆட்களைப் போட்டிருந்தால் அறுபது பேர் வந்திருப்பார்கள். நாற்பது பேருக்கு, ஏன் போட்டாய் என்று கோபம். மிச்சம் இருபது பேருக்கு, ஏன் சின்னதாகப் போட்டாய் என்று கோபம்."

பிறகு, அச்சகத்துக்கு மேலே பழைய கடதாசிக் கட்டுகள் கிடக்கிற அறையைச் சிவநேசனுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தும் விட்டார். ஹீட்டருக்கு மீட்டர் இல்லை. வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் யூதர்களின் ஓய்வுநாள்; மெஷின் நிற்கும், அமைதி. மற்ற நாட்களில் இருவரும் மூக்குகளைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள்.

நமக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிறைய இருக்கிறது — மற்றவர்களைப் பற்றி. மிஸ்டர் மொரிஸின் ஆட்கள் ரீவியில் வந்து தங்கள் தாயை, தங்கள் மதகுருவை, தங்கள் சமையலைத் தாங்களே கிழிக்கிறார்கள். ஊரார் கிழிப்பதற்கு முன்னால் முந்திக்கொள்கிறார்களோ என்னவோ. அதற்குப் பின்னால் எத்தனை அடி விழுந்திருக்க வேண்டும் என்பது வேறு கதை. நாமும் அடி வாங்கித்தான் வந்தோம். வரும்போது கோபத்தை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்!

இந்த வாரக் கார்ட்டூனில் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறத் தவிக்கிறவர் சாட்சாத் சிவநேசன்தான்... மெத்தை வைத்திருக்கும் மற்றவர்கள் தயவுசெய்து போன் பண்ண வேண்டாம்.