கலா அக்கா சொல்லச் சொன்னது

கலா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மெல்பேர்ணின் ட்ருகனினாவில், வேலை செய்யும் களஞ்சியத்தில், போர்க்லிப்டில் இருந்தேன். அழைத்தவர் அவருடைய கணவர் முரளி அண்ணன். "காலைல நல்லாத்தான் இருந்தா, தம்பி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தூக்கிய பாரத்தை இறக்கவும் தோன்றாமல் அப்படியே இருந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் மெல்பேர்ணில் குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாய் தகப்பன்மார். உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் திருச்சிக்காரர், கணினித் துறையில் வேலை. ஓய்வு நாட்களில் குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்கு வந்து தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாக இருப்பார். வாய் ஓயாது. எல்லாவற்றிலும் தலையிடுவார். அவரைக் கண்டால் லிப்டுக்குள் ஓடி ஒளிந்தவர்களும் உண்டு. நானும் ஒளிந்திருக்கிறேன்.

எங்கள் மகள் ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அவள் கண்ணாடிப் பெட்டிக்குள். நானும் மனைவி வானதியும் வெளியே. உண்மையில் மூன்று பேருமே அடைபட்டுத்தான் கிடந்தோம். எங்களுக்கு அப்போதும் தற்காலிக விசாதான், இப்போதும் அதுதான். இந்த நாட்டில் யாருடனும் முகம் முறிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே ஒவ்வொரு நாளும் தாதிமாருக்கு மட்டன் றோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவர்கள் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு, "ஓகே, தாங்க் யூ" என்றேன்.

ஒருநாள் கலா அக்கா என்னை வாசலில் மறித்து றோல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்ன தம்பி இது, லஞ்சமா?"

"இல்லை அக்கா. பிள்ளை அவையின்ரை கையில எல்லோ இருக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, "நான் மைசூர்பாகு குடுத்தேன்" என்றார். அவருக்கும் முன்பு ஒரு மகன் குறைமாதத்தில் பிறந்து, பெட்டிக்குள்ளேயே இறந்துபோனான் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. றோல்ஸில் உறைப்புக் காணாது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

பிறகொரு பின்னேரம், பெட்டியருகே இருந்த வானதி என் கையைப் பிடித்தாள். "இஞ்சை பாருங்கோ, பிள்ளையின்ரை வாய் நிறம் ஒரு மாதிரி இருக்கு." இளம் தாதி ஒருத்தி வந்து திரையைப் பார்த்தாள். மகளின் காலில் சுற்றியிருந்த கருவி, ஒட்சிசன் அளவு நன்றாக இருப்பதாகக் காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் வழக்கம்போல ஓகே, தாங்க் யூ.

பக்கத்தில் நின்ற கலா அக்கா என் காதருகே குனிந்தார். "டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க. நான் சொன்னா வெளி ஆளு. அப்பா, அம்மா நீங்கதான் சொல்லணும்."

நான் வாய் திறக்கவில்லை. தாதிக்குக் கோபம் வந்தால் மகளைப் பார்ப்பது யார்? முறைப்பாடு என்று எங்காவது பதிந்து, அது விசாவில் போய் முட்டினால்? புத்தி அப்படித்தான் ஓடியது. உள்ளே பிள்ளைக்கு மூச்சு முட்டியது, வெளியே எனக்கு.

அதுவரை அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசாத வானதி எழுந்து நின்றாள். "நோ. டாக்டர். நவ்."

டாக்டர் வந்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மெசின் சொன்னதைவிட ஒட்சிசன் நன்றாகக் குறைந்திருந்தது. அதன்பின் எல்லாரும் ஓடினார்கள். மகளின் முகம் மெல்லத் தெளிந்தது. கறுத்த தோலில் அந்தக் கருவி சிலவேளை கூட்டிக் காட்டும், அது தெரிந்த விஷயம்தான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்கு நன்றியாகவும் இருந்தது, பத்திக்கொண்டும் வந்தது. தெரிந்த விஷயமாம்!

மறுநாளும் நான் றோல்ஸோடுதான் போனேன். கலா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "குடுங்க, அவங்களும் பசியோடதான் நிக்கிறாங்க. ஆனா வரும்போது வாயையும் எடுத்துட்டு வாங்க."

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் அவர் கார் தரிப்பிடம் வரை கூட வந்தார். அவர் எந்தப் பிள்ளையையும் தூக்குவதில்லை, உங்களுக்குத் தெரியும். வானதி கேட்காமலே அவர் கைகளில் மகளை வைத்துவிட்டாள். மகளின் முகத்தைப் பார்த்தபடியே அக்கா சொன்னார்.

"என் பையனும் நல்ல கறுப்பு, தம்பி. நிறம் மாறுறது எனக்குத் தெரிஞ்சுது. நம்பர் நல்லா இருக்குன்னாங்க. நானும் சரின்னு உக்காந்துட்டேன்."

வானதி அழுதாள். அக்கா அழவில்லை. மகளைத் திருப்பித் தந்தார். "எங்க போனாலும் முதல்ல இவ நிறத்தைச் சொல்லுங்க. அவங்களா கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க."

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நெஞ்சு பலவீனம், குளிர் தொடங்கினால் எங்கள் குடித்தனம் அவசரப் பிரிவில்தான். அவள் என் நிறம். கோயிலில் அன்ரிமார் அவளைக் கண்டால், "தகப்பன்ரை நிறம், என்ன செய்யிறது" என்று குரலைத் தாழ்த்துவார்கள். நான் தாழ்த்துவதில்லை. கலா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அதைத்தான்.

அவருடைய இறுதிச்சடங்கு முடிந்து வந்த அன்றே மகளுக்கு மறுபடி மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவசரப் பிரிவில் அவள் விரலில் அந்தக் கருவியை மாட்ட வந்த தாதியிடம், பிள்ளையின் பெயருக்கும் முன்னால், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் மகள் கறுப்பு, மெசினை மட்டும் நம்பாதீர்கள், அவளைப் பாருங்கள் என்று. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு இழுத்தபடியே மகள் என் சட்டையைப் பிடித்து, "அப்பா, டோன்ட் ஷவுட்" என்றாள்.

நான் இன்னொரு முறை சொன்னேன்.