சந்திரமதியின் நூற்றுப் பத்துச் சுற்று

மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில், கல்யாணமான ஒரு பெண் விடிகாலையில் தெருவில் ஓடினால் அதற்கு மூன்றே காரணங்கள்தான் இருக்க முடியும். வீட்டில் தீ. வீட்டில் பாம்பு. வீட்டில் புருஷன். போன வருஷம், 1957 ஜூன் மாதம், சந்திரமதி ஓடியபோது இந்த மூன்றும் காரணமில்லை. ஆனால் அது தெருவுக்கு எப்படித் தெரியும்? அவள் ஐம்பது கஜம் போவதற்குள் ஏழு பேர் வாளித் தண்ணீரோடு பின்னால் ஓடினோம். ஆமாம், அதில் ஒரு வாளி என்னுடையது.

முதலில் அவளைப் பிடித்தது அடுத்த வீட்டு சாரதாம்பாள்.

"எங்கடி எரியுது?"

"எங்கயும் எரியலக்கா. சும்மா ஓடறேன்."

"சும்மாவா! வாளியத் தூக்கினதுல எனக்கு இடுப்புப் புடிச்சிக்கிச்சு. இதுக்கு உன் வீடு எரிஞ்சிருந்தாலே தேவலடி!"

சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஆனால் சும்மா ஓடவில்லை. சுதந்திர விழா விளையாட்டுப் போட்டியில் கல்யாணமான பெண்களுக்கு நானூற்று நாற்பது கஜ ஓட்டம் என்று அறிவித்திருந்தார்கள். முதல் பரிசு, காலால் மிதிக்கிற புத்தம்புதுத் தையல் மெஷின்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஜாலான் பெண்டஹாராவில் அப்துல் ஹமீதின் துணிக்கடையில் பதினோரு வருஷமாகத் தையல் வேலை. மெஷின் கடையுடையது, நூல் கடையுடையது, நாற்காலி கடையுடையது. அவளுடையது என்று அங்கே இருந்தது முதுகுவலி மட்டும்தான். சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் வீட்டு வாசலில் போட்டுக்கொண்டு தன் பெயரில் தைக்கலாம். அந்த ஒரு ஆசைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில்கூட ஓடாத பெண் ஓடக் கிளம்பினாள். தெரு வாளியோடு வந்து அதை அணைத்துவிட்டது.

அவள் புருஷன் தேவதாஸ் லோரி பட்டறையில் மெக்கானிக். பழுதாகிக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை ஊறும். முன்பு ஒருநாள் கித்தா ஆலையில், அதாவது ரப்பர் ஆலையில், ஏதோ பழுது பார்க்கப் போனவர், தெரியாமல் ஓடுகிற பெல்ட்டின் மேல் காலை வைத்து, யாரோ இஞ்சினை நிறுத்தும்வரை அதன் மேலேயே ஓடியிருக்கிறார். வேறு யாராவது என்றால் அதை வெளியில் சொல்லவே மாட்டார்கள். இவர் அதை ஒரு கண்டுபிடிப்பாக நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

"மதி, வீட்டுக்குள்ளயே ஓடு. நான் செஞ்சி தரேன்."

"வீட்டுக்குள்ள ரெண்டு எட்டு வெச்சா சுவர் வந்துரும்ங்க."

"நீ ஓடு. ரோட்ட நான் ஓட விடறேன்."

புக்கிட் காதிலில் ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பின்னால், கித்தா ஷீட்டு பிழிகிற பழைய மெஷின் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் இரண்டு உருளைகளையும் கேட்டு வாங்கிவந்தார். லோரிக்கு மூடுகிற கித்தானை வெட்டி, நுனிக்கு நுனி தைத்து, உருளைகளைச் சுற்றி மாட்டினார். நடுவில் சோப்பு தேய்த்த பலகை. முன்பக்கம் உயர இரண்டு செங்கல். காலால் தள்ளத் தள்ள கித்தான் பின்னால் போகும். விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு பழைய சைக்கிள் கைப்பிடி. அதில் மணிகூட இருந்தது! சமையலறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் அம்மிக்கும் சந்திரமதிக்கும் தினம் தகராறு.

கணக்கு அவளுடையது. தையல்காரி அல்லவா, டேப்பை வைத்து அளந்தாள். பெல்ட் சரியாகப் பன்னிரண்டடி. கித்தானின் தையல் நூற்றுப் பத்துத் தடவை காலடியில் வந்தால் நானூற்று நாற்பது கஜம். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை வலது கட்டைவிரலால் மணியடிப்பாள்.

முதல் நாள் ஒரே மணி. பிறகு இருமல் சத்தம். ஒரு மாதத்தில் சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் வரிசை முழுக்க மணியை எண்ண ஆரம்பித்துவிட்டது.

"நேத்து ஒம்பதோட நின்னுட்டே," என்று சாரதாம்பாள் வேலிக்கு மேலே குரல் கொடுப்பாள். "என்ன, வண்டி பஞ்சரா?"

ஜூலை முடிவில் பதினோரு மணியும் கேட்டது. அன்று சாரதாம்பாள் வேலியோரம் நின்று கை தட்டினாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கொசு அடித்தேன் என்றாள்.

கடையில் ஹமீதுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கோடு போட்ட பைஜாமாத் துணியில் சந்திரமதி தனக்கு ஓட்டத்துக்கென்று ஒரு கால்சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, மண்ணுல ஒருக்கா ஓடிப் பாத்தியா?"

"எதுக்கு நானா? வீட்லயே நூத்திப் பத்துச் சுத்து வருது."

"சுத்து வருதுலா. திடல் வட்டமால்ல இருக்கு? எப்படித் திரும்புவே?"

"என் காலுதானே நானா, சொன்னா திரும்பாதா?"

"எனக்கென்னம்மா தெரியும். ஜப்பான்காரன் போனதுக்கப்புறம் நான் ஓடினதே இல்ல."

செப்டம்பரில் பண்டார் ஹிலிர் திடலில் போட்டி. ஒன்பது பெண்கள். துப்பாக்கி வெடித்ததும் சந்திரமதி பாய்ந்தாள் பாருங்கள்! நேர்கோட்டில் எல்லாரையும் பத்தடி பின்னால் விட்டுவிட்டாள். ஆனால் கூட்டம் சிரித்தது. ஏனென்றால் அவளுடைய இரண்டு கைகளும் மார்புக்கு நேரே ஒரு காற்றுக் கைப்பிடியைப் பிடித்திருந்தன. வலது கட்டைவிரல் அவ்வப்போது இல்லாத மணியை அடித்தது.

அப்புறம் வளைவு வந்தது. மற்ற எட்டுப் பேரும் திரும்பினார்கள். சந்திரமதி திரும்பவில்லை. மூன்று மாதமாக அவளுடைய ரோடு திரும்பியதே இல்லையே! நேராகப் போனாள். கயிற்றைத் தாண்டினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தருகிற ஐஸ் கச்சாங் வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, அப்பாடா என்று, நின்ற இடத்திலேயே நாலு எட்டு ஓடினாள்.

"அடியே, இந்தப் பக்கம்டீ!" சாரதாம்பாளின் குரல் கடல்வரைக்கும் போயிருக்கும்.

திரும்பி வந்து, இரண்டு கையையும் தொங்கப்போட்டு வெறியோடு ஓடி, ஐந்து பேரைப் பிடித்தாள். நாலாவது இடம். பரிசு மூன்று பேருக்குத்தான். முதலாவதாக வந்த ஒரு நர்ஸ் வீட்டுக்கு மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்கள். சந்திரமதி புல்லில் உட்கார்ந்து அந்த வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

தேவதாஸ் பக்கத்தில் குந்தினார். "பெல்ட்டுல ஒரு வளைவு வெக்க முடியுமான்னு பாக்கறேன் மதி."

"ஒண்ணும் வேணாங்க. நாளைலேருந்து நான் ரோட்ல ஓடறேன். சிரிக்க வேண்டியதெல்லாம் மலாக்காவே சிரிச்சி முடிச்சிருச்சு. இனிமே என்ன வெக்கம்?"

மறுநாள் ஓடினாள். கோடு போட்ட கால்சட்டையோடு, புக்கிட் பாருவரை போய்த் திரும்பி. ஒரு வாளிகூட வெளியே வரவில்லை. சாரதாம்பாள் மட்டும் வாசலில் நின்று, "கைய வீசுடி, கைய வீசு!" என்றாள். முதல் வாரம் கால் இரண்டும் வீங்கிவிட்டன. சோப்புப் பலகை மாதிரி தார் ரோடு வழுக்கிக் கொடுக்குமா? ஆனால் மூச்சு மட்டும் ஒருநாளும் வாங்கவில்லை. அதை அந்தச் சமையலறை கொடுத்திருந்தது.

பெல்ட்டின் தையல் விட்டுப்போனது. கைப்பிடியில் தேவதாஸின் பட்டறைச் சட்டைகள் காய்ந்தன. மணியில் ஒரு துண்டு தொங்கியது. வீட்டில் ஓட்ட மெஷின் வைத்தால் கடைசியில் என்ன நடக்கும் என்பதை மலாக்காவிலேயே முதலில் தெரிந்துகொண்டது இந்தக் குடும்பம்தான்.

போன வாரம் மறுபடி போட்டி. அதே திடல், அதே பரிசு, அதே ஐஸ் கச்சாங்காரர். இந்தத் தடவை அவர் வண்டியை நல்ல தூரத்தில் நிறுத்தியிருந்தார். வளைவில் சந்திரமதி உள்பக்கக் கோட்டை ஒட்டித் திரும்பினாள், கழுத்துப் பட்டியைச் சுற்றி வெட்டுகிற கத்திரி மாதிரி! ஒரு முழ வித்தியாசத்தில் ஜெயித்தாள். சத்தியமாக ஒரே ஒரு முழம். நான் கத்திய கத்தலில் இன்னும் எனக்குத் தொண்டை சரியாகவில்லை.

தையல் மெஷின் தேவதாஸின் பட்டறை லோரியில் வந்து இறங்கியது. ஹமீதும் பார்க்க வந்தார்.

"இனி துணிய உன் வீட்டுக்கே அனுப்பறேன்மா. கூலிய நீயே சொல்லு. ஆமா, அந்த ஓட்ட மெஷினால பிரயோஜனம் உண்டா? டாக்டரு என்னை ஓடச் சொல்றாரு."

"ஓடவே தெரியாதவங்களுக்கு நல்லது நானா. மூச்சு புடிச்சிக்கலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க. ஆனா கைப்பிடியத் தொடாதீங்க. பத்து நாளுக்குள்ள ரோட்டுக்கு வந்துருங்க."

"அப்ப அதத் தூக்கிப் போட்டுறலாமேடி, இடமாவது மிஞ்சும்," என்றாள் சாரதாம்பாள்.

சந்திரமதி சமையலறைக்குள் போனாள். சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். ஸ்க்ரூவைக் கழற்றிக் கைப்பிடியைத் தேவதாஸிடம் கொடுத்தாள். கித்தானை உருவி எடுத்துவந்து, புது மெஷினின் ஊசிக்கடியில் தையல் விட்ட இடத்தை வைத்தாள். முதல் ஊசி உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது.

"புது மெஷின்டி! முதமுதல்ல தைக்கறதுக்கு உனக்கு வேற துணியே கிடைக்கலையா?"

"அடுத்த மாசம் மழை புடிச்சிக்கும்க்கா, ரோட்ல ஓட முடியாது," என்று மூன்றாவது ஊசியை மாட்டிவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.