மஞ்சக்குட்டைக்காரி

ராசம்மாள் மஞ்சக்குட்டைக்காரி அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தலைச்சோலைக்கு மேலே, பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் மூச்சு வாங்க ஏறிப்போக வேண்டிய ஒரு சின்ன மலையூரில். மஞ்சக்குட்டைக்கு அவள் போனது ஒரே ஒரு கல்யாணத்துக்கு. அங்கே ரசத்தில் உப்பு கரித்தது என்று பல வருஷம் அந்த ஊரையே திட்டிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தன் வாயாலேயே, "நான் மஞ்சக்குட்டைக்காரிங்க" என்றாள். சொன்னதோடு போயிற்றா? சாகும்வரை அந்தப் பொய்க்குள்ளேயே குடியிருந்தாள், பாவி மகள்.

பொய் அவளுக்கு வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்தவர்கள், "பொண்ணு எப்படிங்க?" என்று அவளிடம் விசாரித்தபோது, "தங்கமான புள்ளைங்க. காலையில எழுப்பறதுதான் நொம்பக் கஷ்டம்" என்று சொல்லி, கூடிவந்த சம்பந்தத்தை ஆட்டம் காண வைத்தவள். அந்தப் பெண்ணின் அம்மா சண்டைக்கு வந்தாள். "நானென்ன இல்லாததையா சொன்னேன்?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். ராசம்மாள் அவ்வளவுதான்.

மரம் விழுந்து புருஷன் செத்தபோது மகன் காளியப்பனுக்கு நடை பழகவில்லை. அவளையும் பிள்ளையையும் அன்றைக்குக் காப்பாற்றியது ஊருக்கு மேற்கே சரிவில் கிடந்த கொத்துக்காடுதான். மாடு நின்று உழ முடியாத செங்குத்துச் சரிவு. கையால் கொத்தித்தான் விதைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். ஊருக்கே பொதுவான காடு. யார் பெயரிலும் பட்டா கிடையாது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கொத்துகிற காட்டுக்கு எதற்குப் பட்டா என்று யாரும் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

இரண்டு வருஷம் சாமையும் கேழ்வரகும் போடுவார்கள். பிறகு சேர்வராயன் கோயிலில் தேங்காய் உடைத்து, காட்டைத் தூங்க விடுவார்கள். தூங்கும் காட்டில் ஊரில் ஒருவரும் விதைக்கக் கூடாது. விதைத்தால் சாமி குற்றம். சில வருஷம் கழித்து மறுபடி தேங்காய் உடைத்துத்தான் எழுப்புவார்கள். ஆனால் தூங்குகிற காடும் சோறு போடும். பண்ணைக்கீரை தானாக முளைக்கும். மழை இறங்கினால் காளான் வரும். கல்லிடுக்கில் கவலைக்கிழங்கு கை நீளத்துக்கு இறங்கியிருக்கும். குதிரில் பழைய சாமையும் காட்டில் கிழங்கும் இருக்கும்வரை ராசம்மாள் யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை.

எழுபத்தொன்பதில் காடு தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அளக்கிறவர்கள் வந்தார்கள். காப்பிப் பழம் பறிக்கிற பருவம். ஊரில் முக்கால்வாசிப் பேர் தலைச்சோலை எஸ்டேட்டுக்குப் போயிருந்தார்கள். காலில் முள் ஏறியதால் ராசம்மாள் வீட்டில் இருந்தாள். மூச்சிரைக்க ஏறி வந்தவர்களைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் காட்டுக்கே போனாள். சர்வேயர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். நல்ல மனுஷன்தான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்:

"இங்க என்னம்மா வெள்ளாமை?"

"இந்த வருசம் ஒண்ணுமில்லீங்க சார். காடு தூங்குது. போன வருசமும் தூங்குச்சு. வார வருசமும் தூங்கோணும்."

"அப்ப யாரும் பயிர் வெக்கறதில்லை?"

"எப்படீங்க வெப்போம்? சாமி குத்தமாயிடாதுங்களா!"

அவர் எழுதிக்கொண்டார். ராசம்மாள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலம் ஊர்ப் பெண்களிடம், "பாவம், ஆபீசருன்னாலும் பசியோட வந்திருந்தாருடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சரிவும் அதையடுத்த இரண்டு சரிவுகளும் யாரும் பயிர் வைக்காத தரிசு என்று முடிவாகி, வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்குப் போயின. முள்கம்பி வந்தது. சில்வர் ஓக் கன்றும் காப்பிக் கன்றும் லாரியில் வந்திறங்கின. ஊர் ஆண்கள் கீழே போய் முறையிட்டார்கள். பயிர் இல்லை என்று உங்கள் ஊர்ப் பொம்பளையே சொல்லியிருக்கிறாளே என்று பதில் கிடைத்தது. திரும்பி வந்தவர்களிடம் ராசம்மாள் ஆவேசமாகக் கேட்டாள்: "எவ அவ? அப்படிச் சொன்னவ எவ?"

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரில் ஒரு ஆள்கூட அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்! திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, அழுது, ஆறியிருப்பாள்.

குதிர்கள் காலியாயின. எல்லோரும் கூலிக்குப் போனார்கள், ரேஷன் அரிசி வாங்கினார்கள். அடைமழையில் எஸ்டேட்டு வேலை நின்றால் அடுப்பும் நின்றது. கீரை கிடைக்காமல் போன மறு வருஷமே ஊர்ப் பிள்ளைகளில் சிலதுக்கு மாலைக்கண் வந்தது. பொழுது சாய்ந்தால் கதவு எங்கே என்று தடவும். அதைப் பார்த்தபிறகு பெண்கள் பொறுக்கவில்லை. கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து கீரை பறித்தார்கள், கிழங்கு தோண்டினார்கள். கம்பெனி அதைத் திருட்டு என்றது. வாச்மேன் போட வேண்டும் என்று பேச்சு வந்தது.

ராசம்மாள் யோசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒண்டிக்கடை பஜாருக்கு இறங்கிப் போய், சர்ச்சில் பூசை முடிந்து வந்த, கம்பெனிக்குக் கணக்கெழுதும் ரைட்டர் மரியஅந்தோணியை வழிமறித்தாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, காடுதான் போயிருச்சு. எம் பையனுக்கு அந்த வாச்மேன் வேலையாச்சும் போட்டுக் குடுங்க. எவனோ ஒருத்தன் காவக் காக்கறதுக்கு எம்மவன் காக்கட்டும்."

மரியஅந்தோணி இரக்கமுள்ளவர். சொல்லி வாங்கிக் கொடுத்தார். காளியப்பனுக்குக் காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கிடைத்தன. சட்டை தொளதொளவென்று தொங்கியது. "என்றா கண்ணு, சட்டைக்குள்ள நீ எங்க இருக்கற?" என்று அவள் சிரித்தாள். காடு போனதிலிருந்து அவள் சிரித்தது அன்றுதான். அவன் சம்பளத்தில் மருமகளாக வள்ளி வந்தாள்.

அவன் காவல் காத்த லட்சணத்தைக் கேட்க வேண்டுமே! சரிவுக்கு வருவதற்கு வெகு முன்பிருந்தே விசிலை ஊத ஆரம்பித்துவிடுவான். சத்தம் கேட்டதும் பெண்கள் மடியை முடிந்துகொண்டு கம்பிக்கு வெளியே போய்விடுவார்கள். அவன் வந்து பார்க்கும்போது காடு சுத்தமாக இருக்கும். மேனேஜர் துரைக்குப் பரம திருப்தி. நம் வாச்மேன் எவ்வளவு சுறுசுறுப்பு பார் என்று ரைட்டரிடம் மெச்சிக்கொள்வார். ரைட்டர் குனிந்து மீசைக்குள் சிரித்துக்கொள்வார். ஆனால் துரை ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். உன் ஊர் ஆள் ஒருத்தர் உள்ளே அகப்பட்டாலும் அன்றோடு உன் வேலை போச்சு.

வள்ளிக்குப் பிள்ளை பிறந்த மாதம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து லாரி ஏறவில்லை. காளியப்பன் கையில் சம்பளம் இருந்தும் ஒண்டிக்கடையில் வாங்க அரிசி இல்லை. இப்படியும் ஒரு கொடுமை உண்டா? காடு கையில் இருந்தவரை எந்த மழையிலும் குதிரில் சாமை இருந்தது. பச்சை உடம்புக்காரி வெறும் கொள்ளுக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தாள். பால் வற்றிப் பிள்ளை கத்தியது. மழை விட்டிருந்த ஒரு காலையில் ராசம்மாள் தோண்டுகோலை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு கம்பிக்குள் நுழைந்தாள்.

மடி நிறையக் கீரை சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கவலைக்கிழங்குக் கொடி கண்ணில் பட்டது. நல்ல முற்றல். இழுத்தால் ஒடிந்துவிடும், சுற்றிலும் மண்ணைப் பறித்துக்கொண்டே இறங்க வேண்டும். அவள் கை தோள்வரை குழிக்குள் போனபோது விசில் கேட்டது.

"வாக்கா, போலாம்" என்றார்கள் பெண்கள்.

"நீங்க போங்கடி. ஊதறவன் எம் பையன். அவனுக்குப் பயந்து ஓடறதுக்கா பெத்து வளத்தேன்?"

அவர்கள் போய்விட்டார்கள். விசில் நிற்கவே இல்லை. வழக்கத்தைவிட நீளமாக, மூச்சு விடாமல், கத்துகிற மாதிரி வந்தது. பையனுக்கு இன்றைக்கு என்ன இத்தனை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டு அவள் தோண்டிக்கொண்டிருந்தாள். காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு முதலில் வந்தது ஒரு ஜோடி பூட்ஸ். துரை. அவருக்குப் பின்னால் குடையோடு ரைட்டர். கடைசியில், விசிலைப் பல்லில் கடித்தபடி காளியப்பன். அவன் முகம் வெளுத்திருந்தது.

"யாரு இது? உங்க ஊர்க்காரியா?" என்றார் துரை காளியப்பனிடம்.

அவன் வாயைத் திறந்தான். சொல்லிவிடப் போகிறான் என்று பெற்றவளுக்குத் தெரிந்தது. பொய் வராத வாய் அவளிடமிருந்து வந்த வாய்தானே! அவள் மண் அப்பிய கையோடு விறுக்கென்று எழுந்தாள்.

"இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க துரை. நான் மஞ்சக்குட்டைக்காரிங்க."

துரை ரைட்டர் பக்கம் திரும்பினார். "இவளைத் தெரியுமாய்யா?"

மரியஅந்தோணி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "பாத்ததில்லீங்க சார்."

"மடியை அவுத்துக் கொட்டு" என்று காளியப்பனுக்கு உத்தரவானது. அவன் மரம் மாதிரி நின்றான். ராசம்மாளே முடிச்சை முன்னால் நீட்டினாள். "கொட்டுங்க, வாச்மேன் ஐயா" என்றாள். நீங்க என்றும் ஐயா என்றும் தன் பிள்ளையை அவள் கூப்பிட்டது அப்போதுதான். அவன் முடிச்சை அவிழ்த்தான். கீரை சேற்றில் விழுந்தது. குழியையும் மூடச் சொன்னார் துரை. பாதி வெளியே தெரிந்த கிழங்கின் மேல் அவன் காலால் மண்ணைத் தள்ளினான்.

சாயங்காலம் அவன் முன்னால் கொள்ளுக் கஞ்சியை வைத்தாள். அவன் குனிந்தே இருந்தான்.

"நான் ஒரு வார்த்தை பேசலியேம்மா..."

"பேசியிருந்தியானா செருப்பாலயே அடிச்சிருப்பேன். கஞ்சியக் குடி சாமி, ஆறிப்போவுது."

கண்டிப்பான வாச்மேன் என்று துரைக்கு அவன்மேல் நம்பிக்கை கூடிப்போயிற்று. கம்பிக்குள்ளேயே, அந்தச் சரிவின் அடியில், குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார். காளியப்பன் மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். "புள்ள ஒழுகாத ஊட்டுல தூங்கட்டும், போடா" என்று அவள்தான் விரட்டினாள். ஆனால் அவள் அங்கே போக முடியாதே! துரை முகத்தைப் பார்த்துவைத்திருக்கிறார். மகன் குடித்தனம் நடத்துகிற வீட்டுக்குள் அவள் ஒருநாளும் காலெடுத்து வைக்கவில்லை. அவள் கொத்தி விதைத்த காட்டில்தான் அந்த வீடு இருந்தது.

லீவு நாளில் அவன் அரிசி கொண்டுவருவான். மற்ற நாளில் வழியில் அவனைப் பார்த்தால் யாரோ மாதிரி ஒதுங்கி நிற்பாள். ஒரு முறை துரையே ஜீப்பை நிறுத்தி, "என்ன மஞ்சக்குட்டைக்காரி, இன்னும் திருட வர்றயா?" என்று கேட்டார். முன் சீட்டில் காளியப்பன் உட்கார்ந்திருந்தான். "இல்லீங்க துரை" என்றாள். ஜீப் போனபிறகு அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். யாருக்கும் தெரியாமல் அல்ல, வாய்விட்டே அழுதாள்.

தொண்ணூற்றிரண்டு மழையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, எழ முடியாமல் படுத்தாள். லீவு நாளில் பார்க்க வந்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போயிட்டா, துரைகிட்ட அம்மான்னு சொல்லிப்போடாத சாமி. தெரிஞ்ச பொம்பளைன்னு சொல்லி லீவு கேளு."

"என்னம்மா பேசற?"

"ஊரு காடு எவ்வாயால போச்சு. உஞ்சோறும் என்னால போகோணுமா?"

அவள் போனது வேலைநாள் ஒன்றில். காளியப்பன் ஆபீசுக்குப் போய், தெரிந்த பொம்பளை ஒருத்தி இறந்துவிட்டாள் என்று சொன்னான். தெரிந்த பொம்பளைக்கு அரை நாள் லீவு கிடைத்தது. ஓடிப்போய்க் கொள்ளி வைத்துவிட்டு, தலையை மழித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து காக்கிச் சட்டையை மாட்டினான்.

மறுநாள் துரை அவன் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடா, சேர்வராயனுக்கு முடி குடுத்தயா?"

பக்கத்து மேசையில் மரியஅந்தோணி எழுதுவதை நிறுத்திவிட்டார். ஆனால் தலை நிமிரவில்லை.

"ஆமாங்க சார்" என்றான் காளியப்பன்.