ஹைட்ரஜனா சிலிக்கனா: மாப்பிள்ளையூரணிக்கு ஒரு மன்னிப்புப் பயணம்

தூத்துக்குடிக்கு நான் போனது ஒருவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்பதற்காக. மார்ச் மாதம், அமாவாசையை ஒட்டிய ஒரு சனி, ஞாயிறு.

விஷயம் இதுதான். புதிதாக ஒரு சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம், கண்டுபிடிக்கப்பட்டால், அது எந்த வகை என்று சொல்ல அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுக்க வேண்டும். வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்து இதைச் செய்கிறவர்கள் சேர்ந்த ஒரு குழுவில், வருகிற நிறமாலைகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியிலிருந்து வடிவு என்பவர் ஒன்று அனுப்பினார். சிவப்புப் பகுதியில், ஒளி குறைந்த இடத்தில், கோடு இறங்கி ஒரு பள்ளம் இருந்தது. அது ஹைட்ரஜன், வெடித்தது ஒரு பெரிய நட்சத்திரம் என்று எழுதியிருந்தார். நான் அதை சிலிக்கன் என்றேன். சிலிக்கன் என்றால் வெடித்தது வெள்ளைக் குள்ளன், அதாவது எரிந்து முடிந்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம்; கதையே வேறு. ஹைட்ரஜன் மிக வேகமாக நம்மை நோக்கிப் பறந்து வந்தால் அதன் பள்ளமும் நகர்ந்து சிலிக்கனின் இடத்துக்கு வந்துவிடும். அது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் “கருவியின் அளவுத்திருத்தம் சரியில்லை, நிராகரிக்கிறேன்” என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பெரிய தொலைநோக்கி எடுத்த நிறமாலையில், மேலே இருந்த ஹைட்ரஜன் விலகி உள்ளிருந்த ஹீலியம் தெளிவாகத் தெரிந்தது; பெரிய நட்சத்திரம் வெடித்ததற்கு அது அடையாளம். வடிவு சொன்னதுதான் சரி. அதற்குள் அவர் குழுவில் எழுதுவதையே நிறுத்தியிருந்தார்.

எழும்பூரில் இரவு ஏழரைக்கு ரயில். படுக்கைக்கு 415 ரூபாய். காலை 6.20க்குத் தூத்துக்குடி. வடிவு உப்புப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர்; “அஞ்சு மணிக்கு மேல வாங்க” என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தார். பகலைக் கழிக்கப் புன்னைக்காயலுக்குப் பேருந்து ஏறினேன். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் படகில் போகலாம் என்றார்கள். எனக்குத்தான் மனம் ஓடவில்லை. மாதா கோவில் நிழலில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று மூன்று முறை எழுதி அடித்தேன்.

தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து மாப்பிள்ளையூரணிக்கு ஆட்டோ பிடித்தேன். 180 ரூபாய். யார் வீடு என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

“மாடில பெரிய குழாய் வச்சிருக்காவளே, அவுகளா? நம்ம வீட்டையெல்லாம் படம் பிடிக்காவன்னு ஒருத்தர் சண்டைக்கே போயிட்டாரு. அக்கா அவரைக் கூட்டிட்டுப் போயி சனி கிரகத்தக் காட்டி அனுப்புச்சு” என்றார்.

கதவைத் திறந்தவர் வடிவின் கணவர் இசக்கி. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். என் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

“நீங்கதானா அது? ரெண்டரை மாசமா அவ அந்தக் குழாயத் தொடவே இல்ல சார்.”

உள்ளே நாற்காலி போட்டுவிட்டுத்தான் அதைச் சொன்னார். வடிவு காபியோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எழுதி வைத்திருந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. “நான் சொன்னது தப்பு, மன்னிச்சிருங்க” என்றேன்.

“ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு நிறமாலை அனுப்புனனே, சார். ஏன் ஹைட்ரஜன்னு விளக்கமும் எழுதியிருந்தேன். அதப் பாத்தியளா?”

பார்க்கவில்லை. அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லை. முதலில் சொன்ன பதிலையே திரும்பவும் அனுப்பியிருந்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. “இல்ல, திறக்கவே இல்ல” என்றேன்.

வடிவு காபியை என் பக்கம் நகர்த்தினார். “தப்பாச் சொன்னதுல எனக்கு வருத்தமில்ல. லேப்ல நானும் தப்பா எழுதியிருக்கேன். பாக்காமலே சொன்னியளே, அதான்” என்றார்.

பழைய குறிப்பை அழித்துவிடுகிறேன் என்றேன். “அழிக்காதீங்க. அதுக்குக் கீழ, நடந்தத எழுதுங்க.” அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: இரண்டாவது கோப்பைத் திறக்காமலே மறுத்தேன், வடிவின் வகைப்பாடே சரி. வாங்கிப் படித்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு கணவரைப் பார்த்து, “பேட்டரிய மேல கொண்டு வாரீங்களா?” என்றார். இசக்கி உடனே எழுந்தார்.

மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி, தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. கண்ணாடியில் உப்புப் படலம். வடிவு அதைத் துடைக்கவே இருபது நிமிடம் ஆனது. மூன்று நாள் முன்பு கண்டுபிடிக்கப்பட்டு, இன்னும் வகை சொல்லப்படாத சூப்பர்நோவா ஒன்று கிழக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஏழரை மணியிலிருந்து பத்துப் பத்து நிமிடமாக ஆறு முறை ஒளியைச் சேர்த்தோம். துறைமுகப் பக்கம் வானம் வெளுத்திருந்தது. அந்த வெளிச்சத்தைக் கணினியில் கழித்தார். கடைசியில் ஒரு நடுங்கும் கோடு திரையில் வந்தது. மறுபடியும் அதே இடத்தில் ஒரு பள்ளம்.

“நீங்க சொல்லுங்க” என்றார்.

“தெரியலை” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அவர் விரலைப் பச்சைப் பகுதிக்கு நகர்த்தினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளம். “இது கந்தகம். அப்ப இது சிலிக்கன்தான். இந்தத் தடவ வெள்ளைக் குள்ளன்.” பள்ளத்தை மட்டும் பார்க்காமல் அதன் கூட்டாளிகளையும் தேடுகிறார். டிசம்பரில் நான் திறக்காத கோப்பில் அவர் எழுதியிருந்ததும் அதுவே என்று ஞாயிறு ரயிலில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகம். கருவி கொண்டுபோனால் காற்றுப் புகாத பெட்டி அவசியம், உப்புக் காற்று எதையும் விடாது. புன்னைக்காயலிலிருந்து திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். யார் வீட்டு மாடிக்குப் போவதானாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

செவ்வாய்க்கிழமை வடிவின் வகைப்பாடு பதிவாகி, வேறு இரண்டு இடங்களிலிருந்து வந்த நிறமாலைகளும் அதையே சொல்லின. சரிபார்த்தவர் என்ற இடத்தில் குழுவில் இன்னொருவர் பெயர் இருந்தது. வடிவைத் தொலைபேசியில் வாழ்த்தினேன். நான் கேட்காமலேயே சொன்னார்.

“சரிபாக்க உங்களுக்குத்தான் அனுப்பணும்னு நெனச்சேன் சார். ஆனா கொஞ்ச நாள் ஆவட்டும்.”

ஆகட்டும் என்றேன்.