நான்காவது அலறல்

எனக்குப் பத்து வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தவை:

1. சின்ன மாமா முகமெல்லாம் பவுடரும் கண்மையும் அப்பிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வந்தார்.
2. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியிருக்கிறார் என்று நினைத்து, ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார்.
3. மாமா மூன்று முறை அலறினார்.
4. பிறகு நான்காவது முறையும் அலறினார்.

மாமாவுக்கு பிளாக் மெட்டல் என்றால் உயிர். கிடார் இரைச்சலுக்கு நடுவே தொண்டை கிழியக் கத்தும் இசை அது; பாடுகிறவர்கள் பிணம் போல முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொள்வார்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை, நிஜமாக இருக்க வேண்டும் என்பார். பெங்களூரில் ஒருவர் அப்படிப்பட்ட பாட்டுகளைச் சேகரித்து இணையத்தில் ஒரு தொகுப்பு வெளியிட இருந்தார். நடிப்பு என்று பட்டால் சேர்க்கமாட்டார். அதில் இடம்பிடிக்க மாமா மூன்று மாதமாகக் குளியலறையில் பயிற்சி செய்திருந்தார்.

அப்பா வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனி குடோனில்தான் ஒலிப்பதிவு. சுற்றிலும் காயத்துக்குக் கட்டும் காஸ் துணிப் பொதிகள் இருந்ததால் எதிரொலியே இல்லை. கவசம் போல இருக்கட்டும் என்று வெற்று மார்பில் பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக்கொண்டார் மாமா. கிடார் இரைச்சல் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கரில் தயாராக இருந்தது. போனில் பதிவதும், பதிந்ததற்கு எண் போடுவதும், அனுப்புவதும் என் பொறுப்பு.

மூன்று பாட்டு முடிந்தது. வேர்வையில் கண்மை கழுத்துவரை வழிந்திருந்தது. நான்காவதற்கு நான் பொத்தானை அழுத்தியபோது அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள்.

"ஏலே, என்னலே கோலம் இது? அம்புட்டு பிளாஸ்திரியும் ஒன் நெஞ்சுக்கா?"

"அக்கா, செத்த நேரம் இரு. நானே மெதுவா எடுக்கேன்."

"நீ எடுத்துக் கிழிச்சே!"

அம்மா ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மாமாவுக்கு மார்பில் முடி அதிகம்.

சாயங்காலம் நான்கையும் வரிசை மாறாமல் அனுப்பினேன். ஒன்றை விட்டுவிடுவது எனக்குப் பிழையாகப் பட்டது.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. மாமா வாய்விட்டு வாசித்தார். முதல் மூன்றும் நடிப்பு. நான்காவது மட்டும் தொகுப்பில் சேர்கிறது. இப்படியொரு வேதனையை இதுவரை கேட்டதில்லை.

நான் குதித்தேன். "மாமா, செயிச்சுட்டோம்!"

"அது நான் பாடுனது இல்லட்டி."

"ஒங்க குரல்தான மாமா?"

அம்மாவுக்குச் சிரித்து மாளவில்லை. "அடுத்த பாட்டுக்கும் என்னையே கூப்பிடுலே. இன்னும் கால் ரெண்டும் இருக்கு."

மாமாவும் சிரித்தார். ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் மறுபடி மறுபடி வாசித்தார். தேர்வில் வென்ற ஒருவர் எதற்காக விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று மாத உழைப்பும் அந்த முதல் மூன்றில்தான் இருந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது நான் ஒலிப்பொறியாளர். மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். நான்காவது பாட்டு அவர் பெயரில் இணையத்தில் இருக்கிறது. முதல் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அவர் இதுவரை கேட்கவில்லை.